ரிவோல்ட்: கலகமும் குமட்டலும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன?

வைகைக்கரை

வணக்கம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை செய்கிறேன். போன வாரம் உணவுக்கூடங்களுக்கான ஒரு தூய்மைக் கையேடு வந்தது. கெட்டுப்போன இறைச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பகுதியில் 'ரிவோல்டிங் ஸ்மெல்' என்று இருந்தது. என்னோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி அதைக் 'கிளர்ச்சியூட்டும் மணம்' என்று மொழிபெயர்த்திருந்தாள். ரிவோல்ட் என்றால் கிளர்ச்சி என்று அகராதியில் இருக்கிறது. அப்படியானால் ரிவோல்டிங் என்பது கிளர்ச்சியூட்டுவது என்று எடுத்துக்கொண்டாள். சமையல்கட்டில் இருப்பவர் இதைப் படித்தால் அழுகிய இறைச்சி வாசமாக இருக்கும் என்றுதான் நினைப்பார். உணவு விஷமாகிற விஷயம் என்பதால் எனக்குப் பகீரென்றது.

'குமட்டும் நாற்றம்' என்று திருத்திவிட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அக்கா, ராஜாவை எதிர்த்து எழுவதும் வாந்தி வருவதும் எப்படி ஒரே சொல்லாக இருக்கும்? இரண்டும் வேறு வேறு சொற்களா, எழுத்து மட்டும்தான் ஒன்றா?"

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்றும் பேசலாம்.

பழைய அகராதி

ஒரே சொல்தான் அம்மா. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

லத்தீனில் 'வோல்வெரே' என்றால் உருட்டுவது, சுழற்றுவது. முன்னால் 'ரெ' சேர்த்தால் திரும்ப உருட்டுவது, மறுபக்கம் திருப்பிப்போடுவது. இதிலிருந்து இத்தாலிய மொழியில் 'ரிவோல்தாரே' வந்தது, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது, பிரெஞ்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது முதன்மையாகக் குறித்தது ஆயுதம் ஏந்துவதையல்ல, பக்கம் மாறுவதை. ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டிருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவது. ஷேக்ஸ்பியர் ஒரு சானெட்டில், அதாவது பதினான்கு வரிக் கவிதையில், காதலரின் மனம் மாறிப்போவதையே இந்தச் சொல்லால் குறிக்கிறார். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ஏதோமியர் யூதாவின் ஆட்சியிலிருந்து பிரிந்துபோனதைச் சொல்லும்போது 'ரிவோல்ட்டட் ஃப்ரம்' என்று வருகிறது. இன்று எல்லோரும் 'அகெய்ன்ஸ்ட்' போடுவார்கள். அந்த 'ஃப்ரம்' பழைய பொருளின் மிச்சம்: ஒன்றிலிருந்து விலகுவது. நம் தமிழ் பைபிள் அந்த இடத்தில் கலகம் என்கிறது. ஏசாயா முதல் அதிகாரத்தில் ஆங்கிலம் இதே சொல்லைப் போடும் இடத்தில் தமிழ் 'விலகிப்போவது' என்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பும் சொல்லின் ஒவ்வொரு பக்கத்தைத் தொட்டிருக்கின்றன.

இப்போது உங்கள் தங்கையின் கேள்விக்கு வருவோம். அரசனிடமிருந்து முகத்தைத் திருப்பினால் கலகம். அழுகிய பொருளிலிருந்து முகத்தைத் திருப்பினால் அருவருப்பு. 18ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டாம் பொருள் ஆங்கிலத்தில் நன்றாக வேர்பிடித்தது. 'ரிவோல்டிங்' என்ற பெயரடை குமட்டுவது என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டில் பரவலானது. இத்தாலியரிடம் இன்றைக்கும் 'ரிவோல்தாரே லோ ஸ்தோமாகோ' என்று ஒரு வழக்கு உண்டு. வயிற்றைத் திருப்பிப்போடுவது என்று அர்த்தம். அவர்கள் கலகத்துக்கு வைத்திருக்கும் சொல் 'ரிவோல்தா'.

கரிசல்மண்

ஐயா, அப்படியானால் ரெவல்யூஷன், ரிவால்வர் எல்லாம் இதே குடும்பமா? வோல்ட் என்கிற மின்சார அளவும் அப்படித்தானா?

பழைய அகராதி

முதல் இரண்டும் ஆமாம். குண்டு வைக்கும் உருளை சுழல்வதால் ரிவால்வர். ரெவல்யூஷன் முதலில் வானியல் சொல். கோப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலின் லத்தீன் தலைப்பிலேயே அது இருக்கிறது, கோள்களின் சுற்று என்ற பொருளில். இங்கிலாந்தில் 1688இல் மன்னர் மாறியதைப் புகழோடு அந்தப் பெயரால் அழைத்தபிறகுதான் அரசியலில் அது நிலைபெற்றது. நூலைக் குறிக்கும் 'வால்யூம்' கூட இந்த வேர்தான். பழைய நூல்கள் சுருளாக இருந்தன அல்லவா?

வோல்ட் சேராது. அது மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டாவின் பெயரிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலரும் சறுக்குகிற இடம் இது. 'ரிவல்ஷன்' என்றாலும் அருவருப்புதான், ஓசையும் ஒத்துப்போகிறது. ஆனால் அதன் வேர் வேறு. 'வெல்லெரே' என்றால் பிடுங்குவது, இழுப்பது. உடலின் ஒரு பகுதியில் தேங்கிய நோய்நீரை இன்னொரு பக்கம் இழுத்துவிடுவதற்கு அந்தக் கால மருத்துவர்கள் வைத்த பெயர்தான் ரிவல்ஷன். பின்னால் அதுவும் அருவருப்பில் வந்து சேர்ந்தது. ரிவோல்ட் திரும்புகிறது, ரிவல்ஷன் இழுத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் சொந்தமில்லை.

கரிசல்மண்

நன்றி ஐயா. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இதையே நாமும் செய்து வைத்திருக்கிறோம், கவனித்தீர்களா?

எங்கள் ஊரில் யாரும் அருவருப்பு என்று பேச்சில் சொல்வதில்லை. 'வயித்தப் பொரட்டுது' என்பார்கள். பஸ்ஸில் டீசல் நாற்றம் வந்தால் குடலைப் புரட்டும். எங்கள் அம்மாச்சி கருவாட்டுக் கூடையைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வாள். இந்தப் பக்கம் பாருங்கள், ரெவல்யூஷனுக்கு நம் சொல் என்ன? புரட்சி!

வயிற்றைப் புரட்டுவதும் புரட்சியும். அவர்கள் லத்தீனில் உருட்டியதை நாம் தமிழிலேயே புரட்டியிருக்கிறோம். யாரையும் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்ல அம்மாச்சிக்கு யாரும் லத்தீன் சொல்லித்தரவில்லை.

சுருள்நூல் 'வால்யூம்' என்றீர்களே, நாமும் புத்தகத்தைப் 'புரட்டுகிறோம்'. பக்கம் மாறுவது என்ற பழைய பொருளைச் சொன்னீர்களே, நாமும் 'பேச்சுப் புரண்டுவிட்டான்' என்கிறோம். ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. அவசரத்துக்குப் பணத்தைப் புரட்டுகிறோம். பொய்யும் புரட்டும் என்று சேர்த்துச் சொல்கிறோம். ஒரு வினை இத்தனை வேலை செய்கிறதே என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

இலக்கணப்பித்தை

கரிசல்மண் அண்ணா, அருமையான கண்டுபிடிப்பு. ஒரு சிறு திருத்தம் மட்டும், அது உங்கள் கருத்துக்கு வலுவே சேர்க்கும்.

புரட்சி 'புரட்டு' என்பதிலிருந்து நேராக வரவில்லை, 'புரள்' என்பதிலிருந்து வருகிறது. வறள் வறட்சியாகிறது, மிரள் மிரட்சியாகிறது, திரள் திரட்சியாகிறது. அதே வழியில் புரள் புரட்சியாகிறது. புரள் தன்வினை, புரட்டு பிறவினை. உருள், உருட்டு போல. அதாவது புரட்சி என்பது யாரோ ஒருவர் போய்ப் புரட்டுவதைக் குறிப்பதில்லை. தானாகவே புரள்வது. வெள்ளம் கரைபுரள்வது போல.

ஆங்கில ரிவோல்ட்டுக்கு இந்த வேறுபாடு வடிவத்தில் இல்லை. மக்கள் ரிவோல்ட் செய்தார்கள் என்றாலும் அந்தக் காட்சி என்னை ரிவோல்ட் செய்தது என்றாலும் வினை ஒன்றேதான். நமக்கு வயிறு புரள்வது ஒன்று, நாற்றம் வயிற்றைப் புரட்டுவது வேறொன்று. வைகைக்கரை அக்காவின் தங்கை தடுமாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கலகம் செய்பவர் தானே எழுகிறார். ரிவோல்டிங் நாற்றம் இன்னொருவரின் வயிற்றின் மேல் வேலை செய்கிறது.

புரட்சி என்ற சொல் அரசியல் மேடைக்கு வந்து நூறாண்டுக்குமேல் ஆகிறது. ருஷியாவில் ஜார் வீழ்ந்ததைப் பாடும்போது பாரதி 'யுகப்புரட்சி' என்கிறார். அதற்கப்புறம் நம் ஊரில் அது பட்டமாகவே மாறியது. புரட்சிக்கவிஞர், புரட்சித் தலைவர், புரட்சித் தலைவி என்று. எல்லா இடத்திலும் ஒட்ட ஒட்ட அந்தப் புரளுதல் தேய்ந்து, பெருமைச் சொல்லாக மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஓசூர்வாசி

எங்கள் வீட்டில் தெலுங்கு. ஒரு தகவல் சேர்க்கிறேன்.

தெலுங்கில் கலகத்துக்கு 'திருகுபாட்டு' என்போம். திருகு என்றால் திரும்பு, சுற்று. குமட்டலுக்கு 'கடுப்புலோ திப்புதோந்தி' என்போம், வயிற்றுக்குள் சுற்றுகிறது என்று. அந்த 'திப்பு' என்பது திருகு என்பதன் பிறவினை! தமிழில் புரள், புரட்டு மாதிரியேதான். இதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. இன்று அம்மாவிடம் சொன்னேன். "அப்பிடித்தானே இருக்கும், ரெண்டுமே திரும்புறதுதானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

நாஞ்சில் நிழல்

மலையாளத்தில் குமட்டலுக்கு 'மனம்புரட்டல்'. வயிறு இல்லை, மனம் புரள்கிறது. எல்லை தாண்டி வைத்தியத்துக்குப் போகும்போது டாக்டர் "மனம்புரட்டல் உண்டோ?" என்று கேட்பார். முதல் தடவை நான் மனக்கவலையைக் கேட்கிறார் என்று நினைத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாந்தி வருமா என்று தமிழில் கேட்டார்.

நல்லூர் வீதி

யாழ்ப்பாணத்தில் 'வயித்தைப் பிரட்டுது' என்றுதான் சொல்லுவம். புரட்டல் எங்கட வாயில பிரட்டல். இறைச்சியையோ கோழியையோ கூட்டுத் தூளோட வத்தவிட்டுச் செய்யிற கறிக்கும் அதே பேர்தான், கோழிப் பிரட்டல். ஒரே சொல் நாவூறவும் வைக்கும், சத்தி எடுக்கவும் வைக்கும்.

அருவருப்புக்கு எங்களிட்ட இன்னொரு நல்ல சொல் இருக்கு: அரியண்டம். அது வெறும் குமட்டல் இல்லை, தொந்தரவும் சேர்ந்தது. ஊத்தையையும் சொல்லலாம், ஓயாமல் கரைச்சல் குடுக்கிற ஆளையும் சொல்லலாம். "சரியான அரியண்டம்" என்று அம்மா சொன்னால் அதில வயிறும் இருக்கும், கோபமும் இருக்கும். நீங்கள் தேடுற ரெண்டு பொருளுக்கும் நடுவில நிக்கிற சொல் இதுதான் என்று எனக்குப் படுது.

கேள்விக்குறி

எல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். திரும்புவது, சுற்றுவது, புரள்வது எல்லாம் எல்லா மொழியிலும் உள்ள அடிப்படைச் சொற்கள். அவை நூறு பொருளுக்குப் போகும். அதில் கலகமும் குமட்டலும் இரண்டு. அதனால் அருவருப்புக்கும் கலகத்துக்கும் உண்மையிலேயே உறவு உண்டு என்று ஆகிவிடுமா? மக்கள் கலகம் செய்வது வரியாலும் பசியாலும் அநீதியாலும். குமட்டலால் யாராவது கலகம் செய்திருக்கிறார்களா?

கடலோடி

செய்திருக்கிறார்கள் தம்பி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சரக்குக் கப்பல்களில் 11 ஆண்டு வேலை பார்த்தவன். கடலில் சாப்பாடு கெட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பயணத்தில் குளிர்பதன அறை பழுதாகி இறைச்சி வீச்சமெடுத்தது. தூக்கிப் போடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வரவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் சத்தம் போடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்த அமைதி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது 1905க்கு வாருங்கள். ருஷியாவின் கருங்கடல் படையில் பொத்தெம்கின் என்ற போர்க்கப்பல். ஜூன் மாதம். கப்பலுக்கு வந்த மாட்டிறைச்சியில் புழு நெளிந்தது. கப்பல் மருத்துவர் பார்த்துவிட்டு, கழுவிச் சமைக்கலாம், ஒன்றும் ஆகாது என்றார். அந்த இறைச்சி போட்ட சூப்பை மாலுமிகள் தொட மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சுட்டுவிடப்போகிறார்கள் என்ற நிலை வந்தபோது துப்பாக்கிகள் அதிகாரிகள் பக்கம் திரும்பின. கப்பல் மாலுமிகள் கைக்கு வந்தது. கடைசியில் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் போய்ச் சரணடைந்தார்கள்.

நம் கதைக்கு வாருங்கள். 1946 பிப்ரவரி 18, பம்பாய். 'தல்வார்' என்பது கப்பல் இல்லை, கரையில் இருந்த சிக்னல் பயிற்சித் தளம். இந்திய மாலுமிகளுக்குப் போட்ட சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. தளத்தின் தலைமை அதிகாரி அவர்களை வாய்கூசும் வார்த்தைகளால் ஏசிவந்தார். அன்று காலை சாப்பாட்டையும் வேலையையும் சேர்த்து மறுத்தார்கள். 'சாப்பாடு இல்லையா, வேலையும் இல்லை' என்பதுதான் முழக்கம். சில நாளில் அது 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் பரவி, சுமார் 20,000 மாலுமிகள் சேர்ந்துவிட்டார்கள். கராச்சியில் பீரங்கிச் சண்டையே நடந்தது. கோரிக்கைப் பட்டியலில் நல்ல சாப்பாடும் இருந்தது, வெள்ளை மாலுமிக்குச் சமமான சம்பளமும் இருந்தது, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிப்பதும் இருந்தது. படேலும் ஜின்னாவும் சரணடையச் சொன்னபிறகு 23ஆம் தேதி அடங்கியது.

மூன்றாவதாக 1857. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு பரவியது. அந்தத் தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கடித்து! இந்துவுக்கும் வாய் கூசும், முஸ்லிமுக்கும் வாய் கூசும். மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9 அன்று எல்லோர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

மூன்றிலும் முதலில் 'முடியாது' என்று சொன்னது வாய். ஆயுதம் அப்புறம்தான் வந்தது.

கேள்விக்குறி

ஒப்புக்கொள்கிறேன், இவ்வளவு நேரடியான உதாரணங்கள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் புழுவும் கொழுப்பும் தீப்பொறிதான். வெடிமருந்து ஏற்கெனவே குவிந்திருந்தது. 1905இல் ஜப்பானிடம் தோற்று ருஷியாவே கொதித்துக்கொண்டிருந்தது. 1857க்கு முன்பு வடக்கே அவத் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடுங்கியிருந்தது. 1946இல் சம்பள வேறுபாடு, நிறவெறி. சூப்பு மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர்களைச் சோற்றுக்காகச் சண்டை போட்டவர்களாகக் குறைத்துவிடுவோம்.

கடலோடி

அதைத்தான் நானும் சொல்கிறேன். கெட்ட சாப்பாட்டை மாலுமி பல தடவை பொறுத்துக்கொள்வான். புயலில் சமைக்க முடியாமல் காய்ந்த ரொட்டி தின்பான், வாய் திறக்க மாட்டான். 'உனக்கு இது போதும்' என்று இன்னொருவன் தீர்மானித்துத் தட்டில் போடும்போதுதான் பொறுக்க முடியாது. புழு இருந்ததைவிட, புழு இருப்பதைப் பார்த்தபிறகும் ஒரு படித்த மருத்துவர் 'தின்னலாம்' என்றாரே, அதுதான் குமட்டியது. நாற்றம் இறைச்சியிலிருந்து மட்டும் வரவில்லை தம்பி.

ஏட்டுச்சுவடி

கடலோடி ஐயா கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. வெகுளி, அதாவது சினம், எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லும் நூற்பா:

"உறுப்பறை குடிகோள் அலைகொலை என்ற
வெறுப்பின் வந்த வெகுளி நான்கே"

உறுப்பை அறுப்பது, குடிகளுக்குக் கேடு செய்வது, அடித்து அலைப்பது, கொல்வது. வெகுளி 'வெறுப்பின் வந்த' ஒன்று என்கிறார். முதலில் வெறுப்பு, அதிலிருந்து சினம். குடிகோள் அந்த நான்கில் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்.

அருவருப்புக்கு அங்கே தனியாக இளிவரல் என்ற மெய்ப்பாடு உண்டு. அதற்குக் காரணமாகச் சொல்வது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அழுகலும் புழுவும் அந்தப் பட்டியலில் இல்லை. தன்னைத் தாழ்வாக உணரும் நிலை அது. தட்டில் புழுவைப் போட்டவன் தன்னை எங்கே வைத்திருக்கிறான் என்று மாலுமிக்குத் தெரிந்துபோகிறதே, அந்தக் கணத்துக்கு இளிவரல் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இலக்கணப்பித்தை

ஏட்டுச்சுவடி ஐயா, ஒரு தடை. தொல்காப்பியத்திலேயே சொற்பொருள் சொல்லும் உரியியலில் "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே" என்றும் வருகிறதே. அங்கே வெறுப்பு என்றால் செறிவு. அப்படிப் பார்த்தால் 'வெறுப்பின் வந்த' என்பதைச் செறிவாக வந்த வெகுளி என்றும் கொள்ளலாம். இன்றைய வெறுப்பை அப்படியே பின்னால் கொண்டுபோய் வைக்க எனக்குத் தயக்கம்.

ஏட்டுச்சுவடி

நியாயமான தடை. இரண்டு பொருளுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அறுப்பதும் கொல்வதும் வரிசையாகச் சொல்லப்படும் இடத்தில் மனம் ஒவ்வாமை என்ற பொருள் இயல்பாகவே ஒட்டுகிறது. நான் அந்தப் பக்கமே நிற்கிறேன்.

மணப்பாறை டீச்சர்

மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். புழக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் வந்தேன்.

உச்சரிப்பு முதலில். 'ரெபெல்' என்ற சொல்லில் பெயராக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாவதில். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ரிவோல்ட்டுக்கும் அப்படியே செய்கிறார்கள். வேண்டாம். ரிவோல்ட்டில் பெயரோ வினையோ, அழுத்தம் எப்போதும் இரண்டாம் அசையில்தான்.

அடுத்தது ஆபத்தான இடம். நாங்கள் எதிர்த்து எழுகிறோம் என்று சொல்ல 'வி ஆர் ரிவோல்டிங்' என்று எழுதாதீர்கள். கேட்பவர் காதில் 'நாங்கள் அருவருப்பானவர்கள்' என்று விழும். குடியானவர்கள் ரிவோல்டிங் என்று தூதன் வந்து சொல்ல, ஆமாம், எப்போதுமே அப்படித்தான் என்று அரசன் பதில் சொல்வது ஆங்கிலத்தில் ரொம்பப் பழைய சிலேடை. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கசக்கும். குடியானவர்கள் நிஜமாக எழுந்த கதை 1381இல் இங்கிலாந்தில் நடந்தது. நான்கு ஆண்டுக்குள் மூன்றாவது முறையாகத் தலைவரி, அதாவது தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி, போட்டார்கள். வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்தார்கள். 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டு நேரில் வந்து வாக்குக் கொடுத்தார், டைலர் கொல்லப்பட்டபின் அந்த வாக்கு காற்றில் போனது. அங்கே பேச்சுப் புரண்டது அரசன்தான். அதை இன்று 'பெசன்ட்ஸ் ரிவோல்ட்' என்கிறோம், ஆனால் அது நடந்தபோது அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது.

எதிர்த்து எழுவதற்கு 'ரோஸ் இன் ரிவோல்ட்', 'ரிவோல்ட்டட் அகெய்ன்ஸ்ட்'. அருவருப்பு அடைந்ததற்கு 'வாஸ் ரிவோல்ட்டட் பை'. இந்த 'வாஸ்' வந்துவிட்டால் கலகத்தை மறந்துவிடுங்கள், அது வயிறுதான்.

வைகைக்கரை

டீச்சர், இது என் மேசையில் ஒட்டிவைக்க வேண்டியது. தமிழ் பக்கம் இன்னும் ஒரு சந்தேகம். கலகமா, கிளர்ச்சியா, எழுச்சியா, புரட்சியா? எந்த இடத்தில் எது?

பழைய அகராதி

அது சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10. சிப்பாய்கள் நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல்பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. கடலோடியின் வரிசையில் இதையும் சேர்க்கலாம், தோல் தலைமேலேயே ஏறியது. கம்பெனிக்காரர் எழுதிய பெயர் 'மியூட்டினி', அது ராணுவச் சட்டத்தின் குற்றப்பெயர். நாம் அதைச் சிப்பாய்க் கலகம் என்று நெடுநாள் பாடப்புத்தகத்தில் படித்தோம். இப்போது வேலூர்ப் புரட்சி என்கிறோம். நடந்தது ஒன்றே.

கலகம் என்றால் ஒழுங்கைக் குலைத்தது என்ற குற்றச்சாட்டு உள்ளே இருக்கும். கிளர்ச்சி நடுவில் நிற்கும், அதனால் ரிவோல்ட்டுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். எழுச்சியில் அன்பு இருக்கும். புரட்சி என்றால் ஆட்சியே மாறியிருக்க வேண்டும், அல்லது மாற்றப் பார்த்திருக்க வேண்டும். பாஸ்டில் சிறை விழுந்த சேதி கேட்டு 16ஆம் லூயி "இது கலகமா?" என்று கேட்டாராம். "இல்லை அரசே, புரட்சி" என்றாராம் சேதி கொண்டுபோன பிரபு. பிரெஞ்சில் அது 'ரெவோல்த்', 'ரெவோல்யூசியோன்'. அவர்களுக்கு இரண்டும் ஒரே வேர் என்பதால் பதிலில் ஒரு அறை விழுகிறது. தமிழில் அந்த ஓசை தப்பிவிடுகிறது.

கரிசல்மண்

கிளர்ச்சியில் இன்னொன்று இருக்கிறதே ஐயா. கிளர் என்றால் மேலெழுவது, பொங்குவது. அதனால்தான் அது கலகத்துக்கும் போகிறது, உடல் இன்பத்துக்கும் போகிறது. ஆங்கிலக்காரன் எதிர்ப்பைக் குமட்டலோடு முடிந்துவைத்தான். நாம் கிளர்ச்சியில் எதிர்ப்பைப் பரவசத்தோடு முடிந்துவைத்திருக்கிறோம். அந்தத் தங்கை செய்த பிழை சோம்பலில் வந்ததில்லை. இரண்டு மொழியும் அதே இடத்தில் இருந்து எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன, அவள் பிரியும் இடத்தில் மாட்டிக்கொண்டாள்.

மணப்பாறை டீச்சர்

நல்ல விளக்கம். சரி, எல்லோருக்கும் ஒரு பயிற்சி வைக்கிறேன். பொத்தெம்கினை வைத்து நானே எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்று. கப்பலாட்களின் வயிறு முதலில் ரிவோல்ட் ஆனது, பிறகு கப்பலாட்களும் ரிவோல்ட் ஆனார்கள். ஆங்கிலத்தில் வினை ஒரே ஒரு தடவைதான் வரும், இரண்டு பொருளையும் அதுவே தாங்கும். தமிழில் கொண்டுவர முடியுமா?

ஓசூர்வாசி

'முதலில் வயிறு புரண்டது, பிறகு கப்பல் புரண்டது.'

கடலோடி

தம்பி, கப்பல் புரண்டது என்றால் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அத்தனை பேரும் மூழ்கிவிடுவார்கள்.

நல்லூர் வீதி

'முதல்ல வயிறு மறுத்தது, பிறகு ஆக்கள் மறுத்தவை.' பொருள் வருது, ஆனால் புரளுறது போயிட்டுது.

வைகைக்கரை

இந்த இழையைத் தங்கையிடம் காட்டினேன். மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தாள். டீச்சரின் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, நாலைந்து தடவை அடித்துவிட்டு, மாலையில் இதைக் கொடுத்தாள்:

'புழுத்த இறைச்சி முதலில் வயிற்றைப் புரட்டியது, பிறகு கப்பலின் அதிகாரத்தையே புரட்டிப்போட்டது.'

கையேட்டிலும் 'குமட்டும் நாற்றம்' என்று நான் திருத்தியதை மாற்றி 'வயிற்றைப் புரட்டும் நாற்றம்' என்று போடலாமா என்று கேட்டாள். சமையல்கட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்றாள். போட்டுவிட்டோம்.

இலக்கணப்பித்தை

இரண்டு இடத்திலும் பிறவினை. டீச்சரின் வாக்கியத்தில் வயிறும் ஆட்களும் தாமாக எழுகிறார்கள், இவள் இறைச்சியை எழுவாயாக்கிவிட்டாள். அது ஒரு மாற்றம்தான். ஆனாலும் இந்த வாக்கியத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அவளிடம் சொல்லுங்கள் அக்கா.